பாண்டியில் போட்டுக்கொள்ளலாம்

சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு அடிக்கடி கார் ஓட்டிப் போகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கிளம்பும்போது டேங்கை நிரப்ப மாட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு நெருங்கும்போது தமிழ்நாடு முடிந்து பாண்டிச்சேரி தொடங்கும். அந்த எல்லையைத் தாண்டினால் பெட்ரோல் விலை குறைவு. அதனால் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிற சமயத்தில் அங்கே போய்ச் சேர்வது, திரும்பும்போது கழுத்து வரை நிரப்பிக்கொண்டு வருவது. பாண்டி என்றதும் நண்பர்கள் கண்ணடித்து வேறொன்றை வாங்கிவரச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. நான் வாங்கி வந்தது பெட்ரோல் மட்டும்தான்.

பாண்டியில் என் அக்கா இருந்தாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். எங்கள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக் கடை வைத்தது. அப்பாவுக்குப் பிறகு கடையை நான் பார்த்துக்கொண்டேன். அக்கா படித்துவிட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் போட்டுக் காத்திருந்த காலம் அது. பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்ததும் அப்பாவுக்குத் தெரியாமல் போனை எடுத்து டிரங்க் கால் எண்ணைச் சுழற்றுவேன். நாலைந்து தடவையில் ஒரு தடவை அக்கா வருவாள். நான் ஒன்றும் பேச மாட்டேன். மூச்சை மட்டும் விடுவேன். இரண்டு நொடிதான் ஆகும். "வீட்டுக்குப் போய்ப் படிடா" என்று இணைப்பைத் துண்டித்துவிடுவாள். எத்தனை பேர் பேசினாலும் குரலை வைத்து ஆளைப் பிடித்துவிடுவாள். போனில் அவளிடம் பொய் சொல்லவே முடியாது.

கல்யாணமாகிப் பாண்டிக்கு மாற்றல் வாங்கிப் போனாள். அத்தான் அங்கே ஒரு கல்லூரியில் வேதியியல் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். குழந்தைகள் இல்லை. இருவரும் ஓய்வு பெற்று, முத்தியால்பேட்டையில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள்.

நான் கார் வாங்கிய பிறகு, மாதம் ஒரு ஞாயிறு, சில சமயம் இரண்டு, நானும் என் மனைவியும் மந்தைவெளி வீட்டிலிருந்து காலையில் கிளம்பிப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புவோம். நான் எல்லையில் பெட்ரோல் போடுவதை அக்கா முதலில் கேலிதான் செய்தாள்.

"என்னைப் பார்க்க வர்றியா, பெட்ரோல் போட வர்றியா?"

"பெட்ரோல் போடத்தான். அப்படியே உன் வீட்டுல ஒரு காபி."

போகப் போக அது எங்களுக்குள் ஒரு பேச்சு வழக்காகிவிட்டது. "எப்போ வர்றே?" என்று அவள் கேட்பதே இல்லை. போனை எடுத்ததும், "டேங்க் காலியாயிடுச்சா?" என்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வறட்டு இருமல் வந்தது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகும் வியாதி என்றார் டாக்டர். மாடி ஏற முடியாமல் போயிற்று. பிறகு குளித்துவிட்டு வந்தால் கட்டிலில் உட்கார்ந்து மூச்சிரைத்தாள். பிறகு வீட்டுக்கே ஆக்சிஜன் இயந்திரம் வந்தது. மூக்கில் குழாயோடு, கட்டிலிலிருந்து சமையலறை வாசல் வரை குழாய் எட்டுகிற தூரம் நடந்து, அத்தானுக்குச் சமையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த இயந்திரம் வந்த வாரம் அத்தான் எனக்குத் தனியாகப் போன் செய்து, "டாக்டர் இனிமே மருந்தெல்லாம் பேருக்குத்தான்னு சொல்லிட்டாரு" என்றார். மறுநாள் புதன்கிழமை. கடையை ஆளிடம் விட்டுவிட்டுக் கிளம்பிப் போனேன். அதற்கு முந்தைய ஞாயிறுதான் போய் வந்திருந்தோம். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். வழக்கம்போலக் கேட்டாள்.

"டேங்க் காலியா?"

"இல்லக்கா, பாதிக்கு மேல இருக்கு. சும்மாதான் வந்தேன்."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. சற்று நேரம் மூச்சு வாங்கினாள். அப்புறம், "பாதி டேங்க்லயே வந்துட்டியா?" என்றாள். "அவ்ளோ மோசமாவாடா இருக்கேன்?"

நான் ஏதோ உளறினேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை, என் கையைத் தட்டிக்கொடுத்தாள். ஆனால் அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவைகூடப் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் டேங்கை நிஜமாகவே காலி வைத்துக்கொண்டுதான் போனேன். பாண்டியில் கொஞ்சமாகப் போடுவேன். சென்னைக்குள் தேவையில்லாமல் சுற்றி அதைக் கரைப்பேன். அடையாறிலிருந்து சைதாப்பேட்டை போய், அங்கிருந்து ஒரு காரணமும் இல்லாமல் சாந்தோம் வந்து வீட்டுக்குப் போயிருக்கிறேன். பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று தோன்றலாம். அவளிடம் அது நடக்காது. "முள் எங்க நிக்குது?" என்று கேட்பாள். "கீழே, சிவப்புல" என்று நான் சொல்லும்போது குரல் இடறக் கூடாது. இடறாமல் இருக்க வேண்டுமென்றால் முள் நிஜமாகவே சிவப்பில் நிற்க வேண்டும். "அப்போ சரி" என்பாள். அவள் முகம் தெளிவதைப் பார்ப்பேன். நம்பினாளா, எனக்காக நம்பியது போல இருந்தாளா, எனக்குத் தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணி இருக்கும். ஒரு கல்யாண வீட்டுக்காரர்களுக்குச் சீர்வரிசைப் பாத்திரம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அத்தான் போன் செய்தார்.

"நீ கிளம்பி வா. பதறாம ஓட்டு."

"டாக்டர் வந்தாரா?"

"வந்துட்டுப் போயிட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுல பிரயோஜனம் இல்லையாம். உன்னைக் கேக்குறா."

என் மனைவி சாந்தோமில் ஒரு பள்ளியில் டீச்சர். போன் பண்ணிவிட்டுப் போனேன். வாசலிலேயே நின்றிருந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவள் பார்த்தது பெட்ரோல் முள்ளைத்தான். ஞாயிறு போய்விட்டு வந்து கரைத்த பெட்ரோல். முள் கடைசிக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

"அடையார்ல போட்டுட்டுப் போயிரலாம்ங்க."

"காலாப்பட்டு வரைக்கும் தாங்கும்."

அடையாறு சிக்னலில் நின்றோம், திருவான்மியூரில் நின்றோம். இரண்டு இடத்திலும் பங்க் கண் முன்னால் இருந்தது. ஏன் போடவில்லை என்று என்னை நானே கேட்டுக் கேட்டுச் சலித்துப் போயிருக்கிறேன். சில்லறைச் சிக்கனம் இல்லை. அவசரமும் இல்லை, ஐந்து நிமிஷ வேலை. அன்றைக்கு என் மனதில் இருந்தது வேறு. சென்னையிலேயே பெட்ரோல் போட்டுக்கொண்டு போனால், அது சாகக் கிடக்கிறவளைப் பார்க்கப் போகிற பயணம். போடாமல் போனால், எப்போதும் போகிற பயணம். உள்ளே நுழைந்ததும் அவள் முள் எங்கே நிற்கிறது என்று கேட்பாள், நான் கீழே என்று சொல்வேன், அவள் அப்போ சரி என்பாள். அவ்வளவுதான் என் கணக்கு. ஐம்பத்து மூன்று வயது ஆளின் கணக்கு.

மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கம் தாண்டி, பாலாற்றுப் பாலம் தாண்டியபோது மஞ்சள் விளக்கு எரிந்தது. மரக்காணத்தில் ஒரு பங்க் வந்தது. வரிசைகூட இல்லை.

"இங்க போட்டுக்கோங்க. சொல்றதைக் கேளுங்க."

"இன்னும் இருபது கிலோமீட்டர்தான்."

அவள் திரும்பி, பின்னால் போய்விட்ட பங்கைப் பார்த்தாள். அவள் இன்னொரு தடவை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்று முன்பெல்லாம் நினைப்பேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. பழியில் அவளுக்குப் பங்கு கொடுக்கிற வேலை அது.

மரக்காணம் உப்பளங்கள் முடிகிற இடத்துக்குச் சற்று அப்பால் வண்டி இரண்டு தடவை குலுங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தேன், ஒன்றும் வரவில்லை. ஓரமாக உருண்டு போய் நின்றது. மணி இரண்டேகால். வெயில் என்றால் அப்படியொரு வெயில். போகிற கார்களுக்குக் கை காட்டினேன். நிற்கவில்லை. மனைவி சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு சாலையில் இறங்கி நின்று இரண்டு கையையும் காட்டினாள். அப்போதுதான் பைக்கில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு போன ஒருவர் நிறுத்தினார். நாற்பது வயதிருக்கும்.

"இன்னா சார், பெட்ரோலா?"

"ஆமாங்க. எங்க அக்கா பாண்டியில..." மீதியை மனைவி சொன்னாள்.

அவர் வண்டியிலிருந்த இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு எடுத்துக்கொண்டு, வந்த வழியே மரக்காணம் பங்குக்குப் போனார். அவர் போன பிறகு அத்தான் கூப்பிட்டார்.

"எங்க இருக்கீங்க?"

"மரக்காணம் தாண்டியாச்சு அத்தான். வந்துட்டே இருக்கோம்."

வண்டி நின்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. போனில் இயந்திரத்தின் சத்தமும், அதற்கு மேலே அக்காவின் மூச்சும் கேட்டது. அத்தான் அவளிடம் சத்தமாக, "மரக்காணம் தாண்டிட்டானாம்" என்று சொல்வதும் கேட்டது.

பைக்கில் போனவர் இருபது நிமிஷம் கழித்து வெறும் பாட்டிலோடு திரும்பி வந்தார். "பாட்டில்ல தர மாட்டானாம் சார். ரூல்ஸாம். எவ்ளோ கெஞ்சியும் கேக்கல." சற்று யோசித்தார். பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றின் அடியிலிருந்து ஒரு ரப்பர் குழாயை உருவினார். தன் பைக் டேங்கின் மூடியைத் திறந்து, குழாயை விட்டு, வாயால் உறிஞ்சித் துப்பிவிட்டுப் பாட்டிலில் பிடித்தார். முக்கால் பாட்டில் வந்தது. உள்ளதையெல்லாம் கொடுத்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

"இந்த இடத்துல அடிக்கடி ஒரு வண்டி நிக்கும் சார்" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு. "எல்லாம் மெட்ராஸ் வண்டி. பாண்டில போட்டுக்கலாம்னு வர்றவங்க." குத்திக்காட்டுகிற குரலில்லை, இருக்கிற விஷயத்தைச் சொன்னார். நான் பணம் எடுப்பதற்குள், "மொதல்ல கெளம்பு சார், அக்கா வெய்ட் பண்ணிக்கினு இருப்பாங்க" என்று கதவைச் சாத்தினார்.

அந்தப் பெட்ரோல் முத்தியால்பேட்டை வரை போதாது. எல்லை தாண்டியதும் எப்போதும் போகும் பங்கிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே வேலை பார்க்கும் அம்மாவுக்கு என்னைத் தெரியும். சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஃபுல்லா சார்?"

நான் தலையசைத்தேனா என்று தெரியவில்லை. அவர் பெட்ரோல் குழாயின் பிடியை டேங்கில் மாட்டினார். எண்கள் ஓட ஆரம்பித்தன. அப்போது மனைவியின் போன் அடித்தது. அவள் கதவைத் திறந்து இறங்கி, இரண்டடி தள்ளிப் போய்ப் பேசினாள். "சரிண்ணே" என்றாள். "சரி. சரி." பிறகு போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றாள். பக்கத்தில் வரவில்லை. வந்தால் சொல்ல வேண்டியிருக்கும்.

பெட்ரோல் நிரம்பிப் பிடி தானாக டக்கென்று நின்றது.

அவ்வளவு தூரத்தையும் ஓட்டி வந்தவன், கடைசி பத்து கிலோமீட்டரை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. வாசலில் அத்தான் நின்றிருந்தார். இயந்திரத்தை யாரோ நிறுத்தியிருந்தார்கள். அந்த வீட்டில் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் இல்லை. அக்காவின் மூக்கிலிருந்து குழாயை எடுத்திருந்தார்கள். குழாய் அழுத்திய தடம் இரண்டு கன்னத்திலும் இருந்தது. நான் அந்தத் தடத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"இருபது நிமிஷம் முன்னாடி வந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. குறையாகச் சொல்லவில்லை, அங்கலாய்ப்புதான்.

நான் நிமிர்வதற்குள் என் மனைவி சொன்னாள்: "மாமல்லபுரத்துக்கிட்ட பயங்கர டிராஃபிக். லாரி ஒண்ணு கவுந்து கிடந்துச்சு."

இருபது வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்தவள். கண் இமைக்காமல் சொன்னாள். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். லாரியைத் திட்டினார்கள். காரியம் முடியும் வரை அந்த லாரி வந்துகொண்டே இருந்தது. ஊரிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் அத்தானே அதைச் சொன்னார். "ஒரு லாரியால தம்பி முகத்தைப் பார்க்காமப் போயிட்டா."

சென்னை திரும்பிய பிறகும் நானும் அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "நீ எதுக்கு அப்படிச் சொன்னே?" என்றேன். "பின்ன என்ன சொல்லச் சொல்றீங்க?" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஐந்து மாதம் கழித்து அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்கினார். அவருக்கு மீன் பிடிக்கும். ஒரு சனிக்கிழமை காலையில் பட்டினப்பாக்கத்துக்கு அழைத்துப் போனேன். கடை போட்டிருந்த அம்மாக்களில் ஒருவர் அத்தானைப் பார்த்து, "வா நைனா, சங்கரா பாரு, இப்பத்தான் கரைக்கு வந்துச்சு, உயிரோட கீது" என்றார். அத்தான் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்த்து, பொறுமையாகத் தேர்ந்தெடுத்தார். அந்த அம்மா மீனை ஆய்ந்துகொண்டிருந்தபோது நாங்கள் சற்றுத் தள்ளிக் கடலைப் பார்த்து நின்றோம். அவர் தானாகவே ஆரம்பித்தார்.

"அந்த லாரி மட்டும் கவுழாம இருந்திருந்தா."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "அத்தான், லாரி எதுவும் கவுழல" என்றேன். முழுவதையும் சொன்னேன். அடையாறு, திருவான்மியூர், மரக்காணம் பங்க், நின்ற இடம், போனில் நான் சொன்னது. எதற்காக டேங்கைக் காலியாக வைத்திருந்தேன் என்பதையும் சொன்னேன்.

முடித்ததும் அவர் என்னைத் திட்டியிருக்கலாம். மன்னித்திருக்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் எதிர்பார்த்தேன்.

"இதை நீ என்கிட்ட சொல்லியிருக்க வேண்டாம்" என்றார். "உனக்குப் பாரம் குறைஞ்சிருக்கும். நான் ஒரு லாரிக்காரனைத் திட்டிக்கிட்டே நாளைத் தள்ளிட்டிருந்தேன். இனிமே யாரைத் திட்டுவேன்? உன்னையா?"

மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மனைவி குழம்பு வைத்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார். சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டு வரை கொண்டு விடுகிறேன் என்றேன். "ஆட்டோ கூப்பிட்டுட்டேன்" என்றார்.

இரண்டு மாதம் அவரிடமிருந்து போன் இல்லை. நான் செய்தால் எடுப்பார். சாப்பிட்டேன், தூங்கினேன், மழை பெய்கிறது என்பார். வைத்துவிடுவார். மனைவி செய்தால் மட்டும் கொஞ்சம் பேசுவார்.

பொங்கலுக்கு அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார். மனைவியிடம், "ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க" என்றார். பஸ்ஸில் போனோம். அவரே சமைத்திருந்தார். சாதம், கத்திரிக்காய்க் குழம்பு, பீன்ஸ் பொரியல். மூன்று பேருக்கும் தரையில் இலை போட்டு, எங்களை உட்கார வைத்து, அவரே பரிமாறிவிட்டு உட்கார்ந்தார். குழம்பில் தாளிப்பு கருகியிருந்தது. வாயில் வைத்ததும் தெரிந்தது. நானும் மனைவியும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தோம்.

அத்தான் இரண்டு கவளம் சாப்பிட்டார். மூன்றாவதைப் பிசைந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"கடுகு வெடிச்சதும் அடுப்பைக் குறைன்னு சொல்லுவா" என்றார். "இன்னிக்கும் மறந்துட்டேன்."

காரியம் நடந்த நாட்களில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர். எச்சில் கையை இலையில் வைத்தபடி, தலையைக் குனிந்துகொண்டு அழுதார். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சற்று நேரம் கழித்து அவர் இடது கையால் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை எடுக்காமலே, மனைவியிடம் மோர் ஊற்றச் சொன்னார்.